சாயம் என்று நினைத்த புள்ளிகள்

சின்ன மருமகள் தட்டை வைத்த வேகத்திலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் வீட்டில் முகங்கள் உம்மென்றுதான் இருக்கப் போகின்றன.

"இன்னிக்கும் பசிக்கலையாக்கா?" என்றாள் சின்னவள். "நான் சமைச்சா உங்களுக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது. அதை வாயத் திறந்து சொல்லிடுங்களேன்..."

"அடுப்பை விட்டுக் கொடுத்துட்டா, ஆனா அவளுக்கு மனசு வரலை," என்று மாமியார் எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். பதினாறு வருடம் அவள் ஆண்ட அடுப்பு அது. சாயப்பட்டறையில் ஆள் போதவில்லை என்று கணவன் சொன்னதும், சின்னவளிடம் ஒப்படைத்துவிட்டுச் சாயத்தொட்டியருகே போய் நின்றாள். மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வயிற்றை முறுக்கிப் பிழிகிற வலி. சொன்னால் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்பார்களே... பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடந்தாள்.

காலில் ஊதாப் புள்ளிகள் வந்தபோதும் யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் யார் காலில்தான் சாயம் தெறிக்கவில்லை? அவளே அப்படித்தான் நினைத்தாள்.

அன்று மதியம் கழிவறையிலிருந்து வெளியே வந்தவள் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். உள்ளே ரத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள், சாயக்காலோடு போகவேண்டாமென்று சின்னவள் ஈரத்துணியும் சோப்பும் கொண்டுவந்து அவள் கால்களைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்ததே தவிர, ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

"அக்கா... இது சாயம் இல்லையேக்கா."

மருத்துவமனையில் டாக்டர் புள்ளிகளை அழுத்திப் பார்த்தார். பரிசோதனைகள் முடிந்ததும் சொன்னார்: "ரத்தக் குழாய்கள்ல அழற்சி. கால்ல தெரியறதுதான் குடலுக்குள்ளயும் இருக்கு. சாப்பிட்டாலே உயிர் போற மாதிரி வலிச்சிருக்கும். இத்தனை நாள் வீட்ல யாருமே கேக்கலையா?"

கேட்டோமே, பசிக்கலையா என்று குத்திக் குத்திக் கேட்டோமே... மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருந்து ஏறி, ஆறாம் நாள்தான் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். சின்னவள் கொண்டுவந்தாள். கிண்ணத்தில் கரண்டியைப் போட்டுக் கலக்கினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்."

"சொல்லியிருக்கணும். என் வீம்பு." பெரியவளின் கண்கள் நிறைந்தன. "உன் சமையல் பிடிக்காமயா? தட்டு முன்னாடி உக்காந்து அந்த வாசனைக்கு எவ்வளவு ஏங்கியிருக்கேன் தெரியுமா..."

சின்னவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, தான் தேய்த்த அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். புள்ளிகள் மங்கத் தொடங்கியிருந்தன. பெரியவள் அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தாள்.

"எழுந்திரும்மா," என்றாள் கடைசியில். "கஞ்சி ஆறுது. எனக்குப் பசிக்குது."