மூச்சுக் குழாய்

முதுகுக்குப் பின்னால் மரகதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் சளி கட்டியவர்கள் இழுக்கிற அந்த நீளமான மூச்சு, முடிகிற இடத்தில் லேசாக விசில் அடிக்கிற மூச்சு, கல்யாணமான நாளிலிருந்து யாக்கோபு மேஸ்திரிக்குப் பழகிப்போன சத்தம். அவன் திரும்பவில்லை. குளியலறை மூலையில் குந்தி, ஈரக் கலவையை மட்டப்பலகையால் இழுத்து, தண்ணீர் வடிகால் ஜாலிப் பக்கம் ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வெளிய போய் குந்து மரகதம். சிமெண்டு தூசு உனக்கு ஆவாதுன்னு தெரியுமில்ல."

"இன்னாய்யா?" என்று பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

எட்டிப் பார்த்தான். கொல்லைக் கோடியில் புளியமரத்தடியில் நின்று அவள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். இழுக்கிற சத்தம் மட்டும் அறைக்குள்ளேயே இருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டானே தவிர, மீதி வேலையைச் சுவரைப் பார்த்தபடி செய்யாமல் அறையைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து செய்தான்.

வடக்குப்பட்டில் தணிகாசலத்தின் கொல்லையில் முன்பு ஒரு கிணறு இருந்தது. வற்றிப்போனதும் மேலே கல் பாவி மண் போட்டு மூடிவிட்டார்கள். கிணறு மூடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, அது மூச்சு விட ஒரு இரும்புக் குழாயை நட்டு வாயைத் திறந்து விட்டிருந்தார்கள். இப்போது தொண்ணூற்றொன்றில் மண்ணூர்ப் பக்கம் கம்பெனி வந்து, ஆபீசர்கள் வீடு தேடி அலைகிறார்கள். தணிகாசலமும் வாடகைக்கு விட அதே கொல்லையில் இரண்டு அறை எழுப்பினார். ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் பார்த்தாராம், அதே மாதிரி டைல்ஸ் ஒட்டின ஷவர் வேண்டுமென்றார். வேறு இடமே இல்லாததுபோல அந்த ஷவர் மூலை சரியாகக் குழாயின் மேல் வந்து விழுந்தது.

"குழாய சுவத்துக்குள்ள வளைச்சி மாடிக்கு மேல ஏத்திடு மேஸ்திரி," என்று அவர் சொல்லித்தான் வைத்திருந்தார். "அடைச்சிகிடைச்சி வெச்சிடாத. அது பாட்டுக்கு மூச்சு வுட்டுகினு கெடக்கட்டும்."

வளைப்பதென்றால் கட்டின சுவரை வெட்ட வேண்டும். ஐப்பசி மழை தலைக்கு மேல் நின்றது. ஆபீசர் குடும்பம் சாமான் கட்டிவிட்டதாகச் சேதி வேறு. முந்தின நாள் யாக்கோபு ரம்பத்தை எடுத்துக் குழாயைத் தரையோடு அறுத்தான். வாயில் கலவையைக் குத்தி அடைத்தான். அதன்மேல் வாட்டக் கலவை, அதன்மேல் தார் ஷீட், அதன்மேல் இன்னொரு கலவை. ஒரு சொட்டு உள்ளே போகாது. உள்ளிருந்து ஒன்றும் வெளியே வராது.

"நம்ம வூட்டுக் கிணத்த மூடும்போது நீயே குழா வெச்சியேய்யா," என்றாள் மரகதம்.

"தண்ணியே இல்லாத கிணத்துக்கு மூச்சு எதுக்குடி? அதுக்கு இன்னா, உன்ன மாதிரி இளுப்பா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. யோவ், இன்னாய்யா, இந்தாய்யா, இவ்வளவுதான் அவள் அவனைக் கூப்பிடுகிற விதம். சர்ச்சில் போதகர் கேட்டால்கூட புருஷன் பெயரைச் சொல்லாமல் முகவாயால் அவன் பக்கம் காட்டுவாள். அதை வைத்து அவன் அவளைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

குழாயை அடைத்த அன்றைக்கு அவள் அசந்து தூங்கினாள். தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தே தூங்குகிறவள், மல்லாந்து படுத்து, இழுப்பே இல்லாமல் தூங்கினாள். யாக்கோபுக்கு மனசு குளிர்ந்துபோனது. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்றுகூட நினைத்தான். அறைக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான், அவள் மூச்சு விடுகிற சத்தமே அன்றைக்குக் காதில் விழவில்லை என்பது உறைத்தது.

கலவை இறுகியதும் தண்ணீர் கட்டிப் பார்த்தான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் எல்லா மேஸ்திரியும் செய்வதுதான். ஜாலி வாயில் ஈரச் சாக்கைத் திணித்து, தண்ணீர் நிரப்பி, சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். கசிவு இருந்தால் மறுநாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கும்.

முதல் வாளியை ஊற்றினான். தண்ணீர் ஜாலிப் பக்கம் ஓடவில்லை. மேட்டில் ஏறி, மூலைக்குப் போய், குழாயை அடைத்த இடத்தில் கூடி நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். வாட்டம் சரியாகத்தான் இருந்தது. நிரப்பி முடித்துக் கோடு போட்டான். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியது. கொஞ்சம் நின்றது. கோட்டுக்குக் கீழே இறங்கியது. மறுபடியும் ஏறியது. தூங்குகிறவன் வயிறு மாதிரி, நிதானமாக.

பாசி நாற்றமும் பழைய சேற்று நாற்றமும் கலந்த ஒரு வாடை வந்தது. வெளியே வந்தான். மரகதம் பாண்டு நிறையக் கலவையைத் தலையில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். இறக்கி வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"சாப்டுறியாய்யா?" என்று கேட்டாள்.

அதே வாடை அவள் வாயிலிருந்து வந்தது.

அவனுக்கு ஒரு வாய் சோறும் இறங்கவில்லை. உடைத்துவிட வேண்டும், தாரையும் கலவையையும் பெயர்த்துக் குழாயைத் திறந்துவிட வேண்டும், தணிகாசலம் திட்டினால் திட்டட்டும், நாள் போனால் போகட்டும் என்று சுத்தியையும் உளியையும் எடுத்தான். அப்போதுதான் மழை இறங்கியது. நடு மத்தியானத்தில் கொல்லை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போனது.

"நீ மண்ணூருக்கு, உங்கக்கா வூட்டுக்குப் போ மரகதம். நான் வந்து இட்டாறேன்."

"இன்னாத்துக்கு ஒடைக்கிற?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "இப்பதான்யா எனுக்கு நல்லா கீது."

கேட்டுக்கொண்டே அவனைத் தாண்டி உள்ளே போனாள். புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். மூலையில் குந்தினாள்.

யாக்கோபு பின்னால் ஓடினான். எழுப்பிப் பார்த்தான். அசையவில்லை, தரையோடு ஊன்றிவிட்டதுபோல. முதுகில் கை வைத்தான். முதுகு ஏறவில்லை, இறங்கவில்லை. நெஞ்சில் வைத்தான். அங்கேயும் இல்லை. ஆனால் வாய் திறந்திருந்தது. வாயிலிருந்து காற்று வந்தது. ஐப்பசிக் குளிரையும் மிஞ்சின குளிர். காற்று வெளியே வரும்போது தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனது. உள்ளே போகும்போது மேலே ஏறியது.

"இயேசுவே," என்றான்.

உளியை அவள் காலருகே வைத்து அடித்தான். கலவை தெறித்தது. அடித்தான். தார் கிழிந்தது. வெறி பிடித்தவன்போல அடித்தான். அடைப்பு விட்டது. தேங்கி நின்ற தண்ணீர் சுழித்துக் குழாய்க்குள் இறங்கிப்போனது.

தரையிலிருந்து காற்று கிளம்பியது. நீளமாக, விசிலோடு.

மரகதத்தின் வாய் மூடிக்கொண்டது.

நல்லது என்று ஒரு நொடி நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கண் செருகியது. அவளுக்கென்று சொந்தமாக மூச்சு எதுவும் இல்லை.

"மரகதம். ஏ மரகதம்."

கன்னத்தில் தட்டினான். தோளைப் பிடித்து உலுக்கினான். இல்லை. பயத்தில், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, உள்ளங்கையால் ஓட்டையை அழுத்தி மூடினான்.

அவள் வாய் திறந்தது. காற்று வந்தது. உதட்டின் கறுப்பு விட்டது.

கையை எடுத்தான். வாய் மூடியது. உதடு கறுத்தது.

வைத்தான். திறந்தது.

கலவை இருந்தால் ஓட்டையை அடைக்கலாம். கலவை வெளியே இருந்தது. மழையில் கரைந்து கொல்லை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பை உருட்டித் திணித்தான். உறிஞ்சிக்கொண்டு கீழே போனது, பிய்ந்துபோய். ஜாலியில் கிடந்த சாக்கை இழுத்துத் திணித்தான். அதுவும் போனது. போனபோதெல்லாம் அவள் உதடு கறுத்தது. மறுபடியும் கையைத்தான் வைத்தான்.

கூப்பிட்டுப் பார்த்தான். தணிகாசலம் சிமெண்டு வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். மழைச் சத்தத்தில் அவன் குரல் அறையைத் தாண்டவில்லை.

கை மரத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கைத் தோலை அடியிலிருந்து ஏதோ இழுத்தது. விட்டது. இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் அதிகமாக. விரல் நுனியில் ஈரமாக ஒன்று தடவிப் பார்த்தது.

எடுக்க முடியாது. எடுத்தால் அவள் இல்லை.

கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிருந்தது.

மரகதத்தின் கண் திறந்தது. அவனைப் பார்த்தது. வாய் அகலமாகத் திறந்து, குளிர்ந்த காற்று அவன் முகத்தில் அடித்தது. ஆழத்திலிருந்து, கல் சுவரில் மோதி மோதி ஏறி வருகிற குரலில், அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையை அந்த வாய் சொன்னது.

"யாக்கோபு."