நரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

கடியப்பட்டணம் நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆனால் அதற்கு ஓர் ஆலோசகர் இருந்தார். பெயர் முத்துநாயகம். பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகவே 'கணினி ஆலோசகர்' என்று ஓர் அட்டையில் எழுதி, நாற்காலியின் முதுகில் கட்டிக்கொண்டார்.

"துபாய்ல பன்னெண்டு வருசம் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவன் நான்" என்பார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

சனிக்கிழமை மாலை மூன்றேகால் மணிக்கு ஜாஸ்பினும் சுஜினும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். இருவரும் ஆறாம் வகுப்பு. கருவாடு காயும் இடத்தில் காக்கை வராமலிருக்க, பழைய விசிறியையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் வைத்து ஒரு காக்கா விரட்டி செய்திருந்தார்கள். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அதைப் பதிவு செய்ய நான்கு மணிவரைதான் நேரம். படங்களும் கட்டுரையும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டரில்தான் இருந்தன.

திரையைப் பார்த்த ஜாஸ்பின் திகைத்து நின்றாள். வெறும் நீலம். கடலிலாவது ஒரு வள்ளம் தெரியும். இதில் அதுவும் இல்லை.

"மாமா, இதுல இருந்த ஐகான் படமெல்லாம் எங்க?"

"தூத்துப் பெருக்கிட்டேன் மக்கா. கண்டமேனிக்குச் சின்னச் சின்னப் படம். பாக்கவே குப்பையா கெடந்துது."

"பிரவுசர்?"

"அதும் அந்தக் குப்பையிலதான் கெடந்துது."

"போச்சு. காக்கா ஜெயிச்சுட்டு" என்று சுஜின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முத்துநாயகத்தின் போனில் முயன்றார்கள். 'கணினியில் மட்டுமே திறக்கும்' என்று அந்தப் படிவம் கைவிரித்தது.

ஜாஸ்பின் யோசித்தாள். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படிக்கும் அவள் அக்கா ஜாஸ்மி, விடுமுறையில் ஒரு வித்தை காட்டியிருந்தாள்.

"மாமா, பிரவுசரும் எங்க கட்டுரையும் எங்கயும் போகல. வாசல்ல பேரு எழுதின பலகையைக் கழட்டுனா வீட்டுக்காரரு ஓடியா போவாரு? உள்ளதான் இருக்கும். கூப்பிட்டா வரும்."

அவள் விசைப்பலகை பக்கம் கையை நீட்டினாள்.

"ஏட்டி, தொடாத! ஆலோசகர் நான் இருக்கேன்லா. நீ சொல்லு, நான் அடிக்கேன்."

"சரி. கன்ட்ரோல், ஆல்ட், டி. மூணையும் ஒண்ணா அமுக்குங்க."

அமுக்கினார். நீலத்தின் நடுவே கறுப்பாக ஒரு சன்னல் திறந்தது.

"ஐயோ, கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருட்டிட்டு வருது!"

"பேடிக்காதீங்க மாமா. இதுல பேரை அடிச்சுக் கூப்பிடணும். பயர்பாக்ஸ்னு அடிங்க."

முத்துநாயகம் மீனில் முள் தேடுவதுபோல ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். என்டரைத் தட்டினார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொன்னது.

"துபாய்ல இருந்தவன்கிட்டயே இல்லன்னு சொல்லுது பாத்தியா?"

ஜாஸ்பின் எட்டிப் பார்த்தாள். "மாமா, பாக்ஸ்னு பெட்டியை அடிச்சிருக்கிய. நமக்கு வேண்டியது ஃபாக்ஸ், நரி. பி-யை எடுத்துட்டு எஃப் போடுங்க."

"தீப்பெட்டியைக் கூப்பிட்டா நரி எப்படி வரும்!" என்று சுஜின் உருண்டு உருண்டு சிரித்தான்.

முத்துநாயகத்தின் காது சிவந்தது. ஜாஸ்பினுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பன்னெண்டு வருசம் பெட்டிதான மக்கா எறக்குனேன். கம்ப்யூட்டர் வந்த பெட்டி. கையி தானா பெட்டின்னு அடிச்சுட்டு."

ஜாஸ்பின் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னாள்: "பெட்டியை எறக்காம கம்ப்யூட்டர் எப்படி மாமா கடைக்குள்ள வரும்?"

முத்துநாயகம் பி-யை எடுத்துவிட்டு எஃப் போட்டார்.

நரி வந்தது. வந்த நரி சரியில்லை. ஓர் எழுத்து ஒரு தோசை அளவுக்கு இருந்தது. படிவம் பாதி மட்டும் தெரிந்தது. தெரிந்த பாதியில் எதைத் தொட்டாலும் அசையவில்லை.

"மாமா, இதுலயும் ஏதாவது செஞ்சியளா?"

"பாதுகாப்புக்கு மக்கா! செட்டிங்ஸ்ல இருந்த எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டேன்."

"என்னதுன்னு வாசிச்சியளா?"

"வாசிச்சா தைரியம் போயிரும்லா."

மணி மூன்று நாற்பது. ஒவ்வொரு டிக்காக எடுத்துக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை ஆகிவிடும்.

"இதை மூடுங்க. கறுப்புச் சன்னல்ல மறுபடி நரியைக் கூப்பிடுவோம். இந்தத் தடவை பேருகூட ஒரு சேதி சொல்லி அனுப்பணும்."

முத்துநாயகம் பெயரை அடித்தார். இந்த முறை நரிதான்.

"இப்ப கொஞ்சம் எடம் விடுங்க மாமா."

முத்துநாயகம் நாற்காலியில் வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் ஒன்றும் மாறவில்லை. ஜாஸ்பின் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

"எடம் விடணும் மாமா."

"இன்னுமா?" அவர் இன்னும் நகர்ந்தார். இப்போது ஒரு கால் நாற்காலிக்கு வெளியே நின்றது. "போதுமா மக்கா?"

ஜாஸ்பினுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு தொண்டைவரை வந்தது. சொல்லிவிட்டால் சுஜின் இன்றைக்கு முழுக்கச் சிரிப்பான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும். மணியோ மூன்று நாற்பத்தாறு. பாதி நாற்காலி காலியாக இருந்தது.

"போதும் மாமா" என்று அதில் உட்கார்ந்தாள். விசைப்பலகையின் நீளக் கட்டையைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. நரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விழுந்தது. அடுத்து ஒரு சின்னக் கோடு. அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் 'புரொஃபைல்' என்பதன் பி.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "என்டரை நீங்க அடிங்க மாமா."

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவரைப்போல முத்துநாயகம் என்டரைத் தட்டினார்.

சின்னதாக ஒரு பெட்டி வந்தது. எந்த ஆளுக்காகத் திறக்க வேண்டும் என்று கேட்டது.

"புதுசா ஓர் ஆளைச் சேத்தா, நரி எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கும். உங்க டிக் எல்லாம் பழைய ஆளுகூட பத்திரமா இருக்கும் மாமா."

"அது அழிஞ்சாலும் கொள்ளாம், நல்லதுதான்" என்றார் ஆலோசகர்.

"புது ஆளுக்குப் பேரு கேக்குது. என்ன வைக்க?"

"காக்கா!" என்று கத்தினான் சுஜின்.

காக்காவுக்காக நரி பளிச்சென்று திறந்தது. எழுத்து எழுத்தாக இருந்தது. படிவம் முழுதாகத் தெரிந்தது. படங்கள் ஏறின, கட்டுரை ஏறியது. மூன்று ஐம்பத்தாறுக்குத் திரை சொன்னது: 'பதிவு முடிந்தது.'

சுஜின் போட்ட சத்தத்தில் நூலகர் ஜெயபாய் தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தார். "என்னல சத்தம்? வேலை முடிஞ்சுதா?"

முத்துநாயகம் எழுந்து, மரத்துப்போன காலை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றார். "முடியாம? நான் எடம் விட்டேன். முடிஞ்சுது."

"ஆமா அக்கா" என்றாள் ஜாஸ்பின். "மாமா எடம் விடலன்னா நடந்திருக்காது."

அவள் சொன்னது முழுக்க உண்மை.

திங்கட்கிழமை மாலை ஜாஸ்பின் நூலகத்துக்கு வந்தபோது, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. முத்துநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் அதே பழைய அட்டைதான் தொங்கியது. ஆனால் 'கணினி ஆலோசகர்' என்பதற்குப் பின்னால், இடமே விடாமல், நீல மையில் புதிதாக 'கள்' என்று சேர்ந்திருந்தது.