விடுங்க என்று சொல்லாத குரல்

"மூச்சை இழுங்க... பிடிச்சுக்கோங்க..." என்றது ஸ்பீக்கர். அடுத்து வரவேண்டிய "விடுங்க" வரவில்லை.

ஸ்கேன் எடுப்பவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவளே பேசிப் பதிவு செய்த குரல் அது. ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. மைக்கை அழுத்தி, "மூச்சை விடுடி" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எம்.ஆர்.ஐ. குகைக்குள் படுத்திருந்த தங்கை சிரித்தாள். "உன்னை நம்பினா உயிரே போயிடும் போலிருக்கே, அக்கா!"

போன வருடம் தங்கையின் குடலிலிருந்து ஒரு நியூரோஎண்டோகிரைன் கட்டியை எடுத்திருந்தார்கள். ஹார்மோனைச் சுரந்து, முகத்தைத் திடீர் திடீரென்று சிவக்க வைக்கிற கட்டி. நோய் என்று தெரியும்வரை அந்தச் சிவப்பைக் கல்யாணக் களை என்றுதான் எல்லோரும் கொண்டாடினார்கள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. தங்கையின் கணவன் முதலில் அக்காவுக்கென்று பேசி வந்த வரன். இப்போது அவன் வெளியே பெஞ்சில், மனைவி கழற்றிக் கொடுத்த தோட்டையும் சங்கிலியையும் கைக்குட்டையில் முடிந்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணி, அடைஞ்ச இடம்னா பயப்படுவா" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினான்.

அண்ணியாம், அண்ணி!

கட்டி ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரவியிருந்தால், ஊசி மருந்து ஏறிய சில நொடிகளில் அந்த இடங்கள் புள்ளி புள்ளியாக விளக்கேற்றியதுபோல் மின்னும். ஒரு நிமிடம் தாண்டினால் ஈரலின் நிறத்தோடு கலந்து ஒளிந்துகொள்ளும். அந்தச் சில நொடிகளைப் பிடித்தால்தான் டாக்டர் கண்ணில் படும்.

மருந்து ஏறியது. பதினைந்து. இருபது. படமெடுக்கும் பட்டனை அழுத்த வேண்டும். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கண்ணுக்குள் அந்தக் கைக்குட்டை. நாற்பது. அறுபது. எழுபதில் அழுத்தினாள்.

திரையில் ஈரல் கழுவித் துடைத்த தட்டாக இருந்தது.

"சுத்தமா இருக்கு" என்றதும் தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். ஒட்டிய கன்னம் கொதித்தது. வாசலில் கணவன் தானே தோட்டை மாட்டிவிட்டான். இருவரின் சிரிப்பும் நடைவழியில் தேய்ந்து மறைந்தது.

அப்போது மணி அடித்தது.

பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லி நோயாளியின் கையில் கொடுக்கும் ரப்பர் பந்தின் மணி. நோயாளி படுக்கும் மேஜையில் யாரும் இல்லை. திரையோ தானாகப் படம் வரைந்துகொண்டிருந்தது. ஓர் ஈரல். அதில் ஒரு புள்ளி மின்னியது. மூன்று. ஒன்பது. மேலே, நோயாளியின் பெயர் வரும் இடத்தில், அக்காவின் பெயர்.

மணியை நிறுத்த உள்ளே ஓடினாள். பந்து குகையின் ஆழத்தில் கிடந்தது. எட்டவில்லை. மேஜையில் முழங்காலை ஊன்றிக் கையை நீட்டினாள். கிடைத்தது. ஈரம். யாரோ வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்த சூடு.

மேஜை நகர்ந்தது.

எப்போது மல்லாந்தாள், தெரியவில்லை. தோள்கள் இரண்டு பக்கமும் இடித்தன.

"மூச்சை இழுங்க... பிடிச்சுக்கோங்க..."

பிடித்தாள். நெஞ்சு அடைத்தது. விட முடியவில்லை. நோயாளிகள் வெளியே பார்க்கவென்று முகத்துக்கு மேல் பொருத்திய சின்னக் கண்ணாடியில் அடுத்த அறை தெரிந்தது. நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

பந்தை அழுத்தினாள். அழுத்தினாள். அழுத்தினாள்.

நாற்காலியில் இருந்தவளின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.