வாய்க்கால் ஊறல்

காலை ஆறு மணி.

போலீஸ் உதைத்த உதையில் மந்தாரக்குப்பம் வாடகை வீட்டின் கொல்லைக் கதவு பெயர்ந்து விழுந்தது.

"ஐயோ!"

பிரபாவதியின் அலறல் நெடுமாறனுக்கு இனித்தது.

அவன் முலாம் பட்டறை முதலாளி. பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கி, கம்மாபுரம் வயல்களுக்குப் போகிறது. அதில் நிக்கல் விஷம் என்று புகார் கொடுத்தவள் இவள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துபவள்.

கொல்லையில் மூன்று டிரம்கள். நுரை... புளித்த நாற்றம்!

இன்ஸ்பெக்டர் துரைராஜ் மூக்கைப் பொத்தினார். "என்னம்மா இது?"

"பீர் கம்பெனில தூக்கிப் போடுற ஈஸ்ட் சார். வாய்க்கா தண்ணியில ஊறவெச்சிருக்கேன். தண்ணியில இருக்கிற நிக்கலை இது இழுத்து வெச்சிக்கும்."

"ஊறவெச்சிருக்காளாம்!" நெடுமாறன் துள்ளினான். "சாராய ஊறல் சார்! வாயாலயே ஒத்துக்கினா!"

"அந்தத் தண்ணியக் குடிச்சி மாடு செத்துக்கினு கெடக்குது. நீ சாராயங்கிற!"

"மாட்டுக்கும் நீதான் ஊத்திக் குடுத்திருப்ப!"

நாளை மாசுத்துறை அதிகாரிகள் வருகிறார்கள். டிரம்களைச் சோதித்தால் பட்டறைக்குப் பூட்டு... அவனுக்குக் கம்பி! அதற்குள் எல்லாம் மண்ணில் கொட்டப்பட வேண்டும். தானே கொட்டினால் குற்றம். போலீஸ் கொட்டினால்?

"இவங்கதான் போட்டாங்கன்னு யார் சாட்சி?" என்றார் துரைராஜ்.

"நான் சார்! என் பட்டறைக் கழிவு போற வாய்க்காவுல இவ மொண்டாந்து ஊத்தறத கண்ணால பாத்தேன். எழுதிக்குங்க!"

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டான்.

பிரபாவதியை ஜீப்பில் ஏற்றினார்கள். டிரம்கள் கவிழ்ந்தன. நெடுமாறன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஏட்டு ஒரு பாட்டிலின் மூடியில் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே டிரம்மின் அடி மண்டி.

சிரிப்பு நின்றது.

"அ... அது என்னா சார்?"

"சாம்பிள். ஊறல்னா, கொட்டறதுக்கு முன்ன ஒரு பாட்டில் எடுத்து சீல் வெச்சி லேபுக்கு அனுப்பணும். உங்களுக்குத் தெரியாதா?"

"சார்..." ஜீப்பிலிருந்து பிரபாவதி. "நிக்கலும் சேத்துப் பாக்கச் சொல்லி எழுதுங்க."

"எழுதிட்டாப் போச்சு" என்றார் துரைராஜ்.

நெடுமாறன் சாட்சித் தாளை எட்டிப் பார்த்தான். கையெழுத்து... அவன் வாய்க்கால்... அவன் வாயால்!

"எனக்குச் சாட்சி சொல்ல ஒருத்தனும் வரலன்னு தவிச்சிக்கினு இருந்தேன்." அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். "பக்கத்துல எடம் இருக்குது... ஏறிக்கிறியா, மொதலாளி?"