மழை ஒதுங்கிய இடம்

அச்சில் ஓரிடத்தில் மட்டும் மழை பெய்யவில்லை.

அச்சடிக்கும் கன்சுகே ஈரத்தாளை மரஅச்சுப் பலகையிலிருந்து உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நீல ஐரிஸ் பூக்கள். மேலே மயிரிழை மயிரிழையாக மழை. பூக்களுக்குப் பின்னால் மட்டும் அரிசிமணி அளவு வெறுமை.

"என்னப்பா சென்டா, நீ செதுக்கின மழை இங்க மட்டும் ஒதுங்கிப் போகுதே! யாராச்சும் குடை பிடிச்சிட்டு நிக்கறாங்களா?"

சென்டா சிரித்துவைத்தான். அந்த இடம் அவனுக்குத் தெரியும். மழைக்கோடு என்பது, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் சீவி எறிந்தபின் மிச்சம் நிற்கும் இழை. போன மழைக்காலத்தில் அவன் கத்தி வழுக்கி, அங்கே சில இழைகள் பெயர்ந்துவிட்டன. முதலாளி சத்தம் போட்டபோது பக்கத்து மணையில் செதுக்கிக்கொண்டிருந்த மொகிச்சியைக் கைகாட்டினான்.

"நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்டா" என்றான் மொகிச்சி. கொட்டும் மழையில் இறங்கிப் போனவன், மறுநாள் சுமிதா ஆற்றில் பிணமாக மிதந்தான். பெயர்ந்த இடத்தைத் தோண்டி, செர்ரிமரத் துண்டு பதித்து, மழையை மறுபடி செதுக்கியது சென்டாதான்.

அடுத்த தாளில் வெறுமை விரல் நீளம் இருந்தது. அதற்கடுத்ததில் அதற்குத் தலை இருந்தது. தோள் இருந்தது. பூக்களுக்கு முன்னால் வந்திருந்தது.

"பலகையில கோடெல்லாம் சரியாத்தானேப்பா இருக்கு?"

சென்டா தடவிப் பார்த்தான். எல்லா இழைகளும் இருந்தன. விரலில் ஒட்டியது மை இல்லை. ஆற்றுச் சேற்றின் வாடையடிக்கும் குளிர்ந்த நீர்.

"அண்ணே... அன்னிக்குக் கத்தி வழுக்கினது..."

"யாருக்கு?"

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் வேலை போய்விடும்.

"மொகிச்சிக்குத்தான்."

"பாவம், போய்ச் சேர்ந்துட்டான். விடு" என்றபடி கன்சுகே இன்னொரு தாளை வைத்துத் தேய்த்து உரித்தார். வெறுமை இல்லை. மழை முழுதாகப் பெய்தது. "அட, சரியாயிடுச்சே!" என்று தாள்களை அள்ளிக்கொண்டு காயப்போட மாடியேறினார்.

சென்டா மூச்சுவிட்டான். தன் மணைக்குத் திரும்பி உட்கார்ந்தான். முற்றத்தில் மழை வலுத்து, ஓடுகளில் தடதடத்து, ஐரிஸ் இலைகளை வளைத்து, மண்ணையும் பாசியையும் மணக்கவைத்தபடி சரிந்து விழுந்தது. எங்கும் விழுந்தது.

பூக்களுக்கு நடுவே விழவில்லை.

அங்கே ஒரு தலை. தோள். ஆள் வடிவில் மழையின்மை.

அது நகர்ந்தது.

கூரை விளிம்பில் இறங்கிய நீர்த்திரை ஓர் ஆள் அகலத்துக்குப் பிளந்தது. பின் மூடிக்கொண்டது.

பக்கத்து மணையில், காலியாகக் கிடந்த மொகிச்சியின் திண்டு மெல்ல அமுங்கியது.