மாறிக் கட்டிய நாடா

"அழுதுட்டுப் பேசு, இல்லாட்டி பேசிட்டு அழு. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா எனக்குப் புரியாது" என்றார் அண்ணி, தலையணை உறைக்குப் போட்டுக்கொண்டிருந்த தையலை நிறுத்தாமலே.

வந்திருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்துவிட்ட கொழுந்தனார் அதற்குள் குறிப்பெடுக்கப் பேனா தேடி வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தார். உறவிலும் தெருவிலும் அவருக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் திருட்டு, தீ விபத்து என்று வந்த புகார்களில் மெய் எது பொய் எது என்று பார்ப்பதே அண்ணியின் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். அவர்களை உள்ளே அழைத்து வரும் வேலையை அவசரம் தானாகவே எடுத்துக்கொண்டார்.

பெண் ஓர் ஆய்வு மாணவி. மனிதக் கண் நிறங்களை எப்படிப் பிரித்தறிகிறது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியையிடம் பட்டத்துக்குப் படிக்கிறாள். பேராசிரியை இளவயதில் சோதித்த அதே ஆட்களை, அதே பெட்டியில் உள்ள வண்ண வில்லைகளை வைத்து, முதுமையில் மறுபடி சோதிப்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. கலைத்துக் கொடுக்கும் வில்லைகளை நிற வரிசையில் அடுக்க வேண்டும். எண்கள் அடிப்பக்கம் இருக்கும்; திருப்பிப் பார்க்கக் கூடாது, விளிம்பை மட்டும்தான் தொடலாம்.

"அந்தப் பெட்டியைத்தான் காணோம் ஆன்ட்டி. புதுசா செஞ்சா சாயம் ஒரு இழை மாறினாலும் பழசோட ஒப்பிட முடியாது. என் படிப்பே போச்சு."

"பூட்டு?"

"உடைக்கல. ஒரு சாவி என்கிட்ட, ஒண்ணு மேடம் கைப்பையில. அதனாலதான் நான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்காட்டி என்னை நீக்கிடுவாராம் இயக்குநர்."

"அலமாரியில வேற என்ன இருந்துச்சு?"

"ரெண்டு பெட்டி, அச்சா ஒரே மாதிரி. மேல் தட்டுல அசல், மங்கின சிவப்பு நாடா. கீழ்த் தட்டுல பழகிப் பாக்கறதுக்குன்னு ஒண்ணு, பாசிப் பச்சை நாடா. காலையில திறந்தா மேல் தட்டு காலி. பழகற பெட்டி மட்டும் இருக்கு. ஆனா அதுல சிவப்பு நாடா கட்டியிருக்கு. பச்சை நாடாவைக் காணோம்."

அவசரம் துள்ளினார். "பாத்தீங்களா அண்ணி! போலியை அசல்னு காட்டி ஏமாத்தியிருக்கான். கெட்டிக்காரன்!"

"எந்தத் தட்டுல இருந்துச்சும்மா, அந்த சிவப்பு நாடாப் பெட்டி?"

"கீழ்த் தட்டுல. எப்பவும் இருக்கிற இடத்துல."

அண்ணி ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். "உங்க மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. அந்த நாடாவைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு இயக்குநர்கிட்ட கேட்டதும் அவங்கதானாம். அன்னையிலேர்ந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல." மறுபடி கண் நிறைந்தது. இந்தத் தடவை அண்ணி தடுக்கவில்லை.

மறுநாள் அண்ணியும் அவசரமும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். சோதனை அறை முழுக்கச் சாம்பல் நிறம். சுவர், மேசை, திரை, மாணவியின் மேலங்கிகூட. வேறு நிறம் எதுவும் கண்ணைக் கலைக்கக் கூடாதாம். "சாம்பலை அள்ளிப் பூசின மாதிரி இருக்கே" என்று அவசரம் முணுமுணுத்தார்.

வெளியே நடைவழியில், தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில், வயதான ஒருவர் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். பேராசிரியையின் கணவர். அதே கூடத்தின் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ‘கடைசல்காரர்’.

"தம்பி, தண்ணி காஞ்சிடுச்சான்னு கொஞ்சம் பாருங்க" என்றார் அவசரத்திடம்.

"பச்சை விளக்கு எரியுதே சார், உங்க மூக்குக்கு நேரா!"

"வயசாச்சு இல்ல" என்று சிரித்துவிட்டு மூவருக்கும் தேநீர் பிடித்தார். அவசரம் காகிதக் கோப்பையை வாங்கிய வேகத்தில் கை மாற்றி மாற்றி ஊதினார். கடைசல்காரர் மட்டும் தன் கோப்பையை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியே நான் கடைஞ்சதும்மா. வில்லை ஒவ்வொண்ணும் என் கையில உருண்டது. சோதனைக்கு முதல் ஆளா உக்காந்ததும் நான்தான். அப்ப கல்யாணம்கூட ஆகல."

"எத்தனை தப்பு விட்டீங்க?" என்றார் அண்ணி.

"ஒண்ணுகூட இல்ல!"

"அப்ப இந்தத் தடவையும் நீங்கதானே முதல் ஆளு?"

சிரிப்பு மெல்ல வடிந்தது. "கூப்பிட்டிருந்தாங்க. பெட்டிதான் இல்லையே."

"பை கனமா இருக்கு போல. குடுங்க சார், நான் பிடிக்கறேன்" என்று அவசரம் கை நீட்டினார். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, இயக்குநர் வருவதற்கு முன்பே, அந்தச் சாம்பல் அறையில் ஐந்து பேர் கூடினார்கள். பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாணவி கதவோரம் நின்றாள்.

"ஏமாத்த நினைக்கிறவன் சிவப்பு நாடா கட்டின பெட்டியை மேல் தட்டுல வெப்பான்" என்று தொடங்கினார் அண்ணி. "இதை எடுத்தவர் சரியா கீழ வெச்சிருக்கார். ஏமாத்தற எண்ணமே இல்ல. எது அசல்னு நாடாவைப் பாத்துச் சொல்ல முடியல. ரெண்டையும் அவிழ்த்து, வில்லையோட வேலைப்பாட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சார். திருப்பிக் கட்டும்போது நாடா மாறிடுச்சு. மாறினதே அவருக்குத் தெரியல."

"சிவப்பும் பச்சையும் தெரியாதவரா?" அவசரம் வாய்விட்டுக் கேட்டார். கேட்டதும் அவருக்கே தேநீர் இயந்திரத்தின் விளக்கு நினைவுக்கு வந்தது. கடைசல்காரர் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

"அப்படின்னா அன்னைக்குத் தப்பே விடாம அடுக்கினது எப்படின்னு யோசிச்சேன். கடைஞ்சவர் விளிம்புல நகத்தால தடவினா தெரியற மாதிரி ஒரு கீறல் போட்டிருக்கலாம். கண்ணு செய்யாததை விரல் செஞ்சிருக்கும். இப்ப அந்த விரலும் சுடு கோப்பையைக்கூட உணரல. மறுபடி உக்காந்தா குட்டு வெளிப்பட்டுடும்னு பயம்."

கடைசல்காரர் பையின் பொத்தானோடு போராடினார், விரல்கள் வழுக்கின. அவசரம் எழுந்து போய்த் திறந்துவிட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் பெட்டி இருந்தது, பச்சை நாடா கட்டி.

"இவ கைப்பையிலேர்ந்து சாவியை எடுத்துத்தான் திறந்தேன். தினமும் திருப்பி வைக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். தைரியம் வரல" என்றார். "சர்க்கரை வந்து விரல் மரத்துப் போச்சு. அன்னைக்குக் கீறல் போட்டதே இவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்னுதான், அவ்வளவுதான் ஆசை. கண்ணைப் படிக்கிறவகிட்ட என் கண்ணு ஊனம்னு எப்படிச் சொல்வேன்? இந்தப் பொண்ணு மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கலம்மா. மன்னிச்சிடு."

அண்ணி பேராசிரியையைப் பார்த்தார். "நாடாவைப் பாத்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. இல்லையா?"

"அவரா வந்து சொல்லட்டும்னு காத்திருந்தேன். இவ தவிச்சதைப் பாத்தும் வாயைத் திறக்காதது என் தப்பு." பேராசிரியை அங்கேயே இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். "பெட்டி கிடைச்சிடுச்சு. எடுத்தது என் வீட்டுக்காரர். என் மாணவிக்கு இதுல துளிகூட சம்பந்தம் இல்ல. நீங்க அவகிட்ட நேர்ல வந்து வருத்தம் சொல்லணும். நானும் சொல்லப் போறேன்."

மாணவி இப்போதுதான் முழுசாக அழுதாள். பேராசிரியை அவள் தோளை அணைத்துக்கொண்டே கணவரிடம் திரும்பினார்.

"பழம் வாங்க உங்களை ஒரு நாளாவது அனுப்பியிருக்கேனா? ஏன்னு யோசிச்சீங்களா?"

அவர் விழித்தார். "தெரியுமா உனக்கு?"

"நல்ல கண்ணு இருக்கறவங்களே பக்கத்துப் பக்கத்து நிறத்துல கொஞ்சம் தடுமாறுவாங்க. நீங்க தடுமாறவே இல்ல. அன்னைக்கே சந்தேகம். உங்க சோதனை முடிவை என் முதல் கட்டுரையில சேர்க்கவே இல்ல. எப்படிச் செஞ்சீங்கன்னுதான் இத்தனை வருஷமா மண்டையைக் குடைஞ்சுது."

"பின்ன எதுக்கு மறுபடி கூப்பிட்ட?"

"இந்தத் தடவையாவது நெசமா உக்காருவீங்கன்னு."

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள். வில்லைகளைக் கலைத்து மேசையில் பரப்பினாள். கடைசல்காரர் ஒன்றை எடுத்தார். அவசரம் அடக்க மாட்டாமல், "சார், அது..." என்று தொடங்க, அண்ணி அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

கதவு சாத்தும்போது உள்ளே கடைசல்காரர் கேட்பது காதில் விழுந்தது. "இது என்ன நிறம்?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார் பேராசிரியை. "ஊர்ல இருக்கறவங்க கண்ணுக்கெல்லாம் உலகம் எப்படித் தெரியுதுன்னு கேட்டாச்சு. உங்ககிட்டத்தான் இன்னும் கேக்கல."