பழகுநாட்கள்

"கையை நீட்டுங்க" என்றார் டாக்டர் ஜெசிந்தா.

தில்லைநாயகம் நீட்டினான். தோல்நெய்வியின் கூண்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு நாட்களில், ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அகலம் என்று அந்த இயந்திரம் அவனுக்குப் புதுத்தோல் நெய்திருந்தது. முழங்கைகளில் செதில் இல்லை. எழுந்து நின்றால் படுக்கையில் வெள்ளைப் பொடி இல்லை. முப்பத்தொன்பது வயதுக்காரனின் கை, பால்குடிப் பிள்ளையின் கைபோல் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் மணிக்கட்டில் விரலை வைத்தார். பத்து எண்ணி எடுத்தார். விரல் இருந்த இடம் சிவந்தது. தடித்தது. கொப்புளமாக எழும்பியது.

டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"வீட்டு ஆளுங்க யாராவது வெளியே இருக்காங்களா?"

"தங்கச்சி வந்திருக்கு."

மங்கை உள்ளே வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. டாக்டர் சொல்லுமுன்பே அவன் கையைப் பற்றினாள். பிறகு அவளாகவே விட்டுவிட்டாள். ஐந்து விரல்களும் அவன் புறங்கையில் சிவப்பாக நின்றன.

"எரியுதாண்ணே?"

"இல்ல" என்றான். எரிந்தது.

தோல்நெய்வி வந்து ஆறு ஆண்டுகளாகியிருந்தன. ஊரில் இப்போது வயதானவர்களை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் தில்லைநாயகம் சுருக்கத்துக்காக அங்கே போகவில்லை. அவனுக்குப் பள்ளி நாளிலிருந்தே சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படை. தோலுக்குள் இருக்கும் காவல் செல்கள் சொந்த உடம்பையே எதிரியென்று தவறாக நினைவில் வைத்திருப்பதால் வரும் நோய். களிம்பு அந்த நினைவை அழிக்காது. தோல்நெய்வி அழிக்கும். செல்களைக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பி அனுப்பி, எதையும் அறியாத தோலாக நெய்துவிடும்.

எதையும் அறியாத தோல் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். நெய்யும் நாட்களே அதன் பழகுநாட்கள். அப்போது தன்மேல் படுவதை அது ஏற்றுக்கொள்ளும். தண்ணீரையும் துணியையும் இயந்திரமே பழக்கிவிடும். மனிதர்களை மனிதர்கள்தான் பழக்க வேண்டும். அதற்காகத் தொடுவோர் பட்டியல் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். பட்டியலில் உள்ளவர்கள் தினமும் வந்து கால்மணி நேரம் தொட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அறைகளிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரோ ஒருவர் தன் மனைவியிடம், "கிச்சுகிச்சு மூட்டாதேடி" என்று கத்துவார்.

தில்லைநாயகம் அந்தப் படிவத்தைக் காலியாகக் கொடுத்திருந்தான்.

"ஒருத்தரும் இல்லையா சார்?" என்று செவிலி கேட்டாள்.

"இருக்காங்க. முழுசா சரியானதுக்கப்புறம் வந்தாப் போதும்."

பாதி உரிந்த உடம்பை மங்கை பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். கை கொடுக்க வருகிறவரிடம் முந்திக்கொண்டு கும்பிடுவதும், பேருந்தில் நின்றே போவதும் அவனுக்கு முப்பது வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் செய்தான்.

"ஆயிரக்கணக்கான பேருக்குச் செஞ்சிருக்கோம்" என்றார் டாக்டர். "பட்டியலைக் காலியா யாரும் கொடுத்ததில்லை. எல்லாரையும் யாராவது ஒருத்தர் தொட்டிருந்தாங்க. அதனால, தொடாம விட்டா என்ன ஆகும்னு எங்களுக்கே தெரியாமப் போச்சு."

"இனிமே பழக்க முடியாதா மேடம்?" மங்கை கேட்டாள். "நான் தினமும் வர்றேன்."

"பழகுநாள் முடிஞ்சா வாசல் மூடிரும்மா. மூடினாத்தான் கிருமி எது, நம்ம உடம்பு எதுன்னு அதுக்குத் தெரியும்."

"இன்னொரு தடவை செஞ்சா?"

"செல்லை ஒரு தடவைதான் பின்னால அனுப்ப முடியும்."

தில்லைநாயகம் வேறொன்று கேட்டான். "நாளை மறுநாள் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன். மடியில உக்கார வைக்கலாமா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான்."

"துணி பழகியிருக்கே."

டாக்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மங்கையின் மூத்தவளுக்குக் காது குத்தியபோது, மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள் என்று ஒன்றுவிட்ட தம்பியின் மடியில்தான் பிள்ளையை வைத்தார்கள். தில்லைநாயகம் பந்தி கவனிக்கப் போய்விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இந்தச் சின்னவளுக்காகத்தான் அவன் தோல்நெய்விக்குள் போனான்.

காது குத்தன்று மண்டபத்துக்கு முழுக்கைச் சட்டையும் வெள்ளைக் கையுறையுமாக வந்தான். அன்று முணுமுணுத்தவள் மாப்பிள்ளையின் பெரியம்மா சிந்தாமணி. அவள்தான் முதலில் ஓடி வந்தாள்.

"அட, தில்லையா இது! இவனுக்கே இனிப் பொண்ணு பாக்கணும் போலிருக்கே!" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கக் கையை நீட்டினாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.

"பாத்தியாடி, அழகு வந்ததும் கர்வத்தை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். பதினொரு மாதம். நறுமுகை என்று பெயர். வேட்டியின் மேல் அவள் கனமாக, சூடாக இருந்தாள். அவனுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இப்படியே முடிந்துவிடும் என்றுகூட நினைத்தான்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டுத் திரும்பி, சட்டைக் காலருக்கு மேலே அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கண்ணீரும் எச்சிலும் தோலில் இறங்கின. கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் இருந்தது.

"கெட்டியாப் பிடிங்க தாய்மாமா, இன்னொரு காது இருக்கு" என்றார் ஆசாரி.

கெட்டியாகப் பிடித்தான். கழுத்து வீங்குவது தெரிந்தது. பிள்ளை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. அவனை யாரும் அப்படி ஒட்டிக்கொண்டதே இல்லை. இரண்டாவது காதும் முடிந்தது.

"ஐயையோ, பிள்ளையை வாங்குங்க!" சிந்தாமணிதான் கத்தினாள். "அவனுக்கு மறுபடி வந்துருச்சு!"

மங்கை ஓடிவந்து பிள்ளையை எடுத்தாள். எடுக்கும்போது அவள் விரல் ஒன்றுகூட அவன்மேல் படவில்லை. அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

அவன் சுவரோரம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஈரத்துணியைக் கழுத்தில் வைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் நறுமுகையின் அழுகை நின்றது. தாயின் இடுப்பிலிருந்தபடி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவனைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மாமன்கிட்டயே போகணுமாம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

மங்கை கொண்டுவரவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றாள். பிள்ளை இடுப்பிலிருந்து சரிந்து அவனை நோக்கித் தாவியது.

தில்லைநாயகம் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். சுவர் தடுத்தது.

"வேண்டாம் கண்ணு" என்றான். "மாமாவைத் தொடாதே."

பிள்ளைக்கு அது புரியவில்லை. கைகளை நீட்டியபடியே இருந்தது.